கெர்னலில் கட்டிய தாயத்துகள்

பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்த யாரைக் கேட்டாலும் பீட்டர்சன் அல்காரிதம் தெரியும் என்பார்கள். 1981-ல் கேரி பீட்டர்சன் வெளியிட்டது. மூலக் கட்டுரை ரெண்டே பக்கம். ஒரு அறை, ரெண்டு பேர், ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் உள்ளே இருக்கலாம். போக நினைப்பவர் முதலில் 'எனக்கு உள்ளே போகணும்' என்று தன் கொடியை உயர்த்துகிறார். பிறகு 'ஆனா நீங்க முதல்ல போங்க' என்று முறையை விட்டுக்கொடுக்கிறார். அப்புறம் அடுத்தவரின் கொடி உயர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார். இவ்வளவு பண்பான அல்காரிதத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எங்கள் காலத்தில் அது 16 மார்க் கேள்வி.

அதை அப்படியே சி மொழியில் எழுதி, உங்கள் லேப்டாப்பில் ரெண்டு கோர்களில் பல லட்சம் தடவை ஓட்டிப் பாருங்கள். ஏதோ ஒரு தடவை ரெண்டு பேருமே அறைக்குள் இருப்பார்கள்.

பீட்டர்சன் மேல் குற்றமில்லை. எழுதியதெல்லாம் எழுதிய வரிசையிலேயே உடனே எல்லோருக்கும் தெரியும் என்ற அனுமானத்தின் மேல்தான் அவருடைய நிரூபணம் நிற்கிறது. லெஸ்லி லாம்போர்ட் 1979-லேயே அந்த அனுமானத்துக்கு 'சீக்வென்ஷியல் கன்சிஸ்டென்சி' என்று பெயர் வைத்து வரையறுத்துவிட்டார். இன்று கடையில் வாங்கும் லேப்டாப்போ போனோ அதைத் தருவதில்லை. ப்ராசஸர் ஒரு மதிப்பை எழுதும்போது அது நேராக மெமரிக்குப் போகாது. ஸ்டோர் பஃபர் என்ற சின்ன இடத்தில் கொஞ்ச நேரம் காத்திருக்கும். கதவில் ஒட்டவேண்டிய 'நான் உள்ளே போறேன்' சீட்டை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்தவர் சீட்டு கதவில் இருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி. அவரும் தன் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு அதே கதவைத்தான் பார்க்கிறார். கதவில் ஒன்றுமில்லை. இருவரும் நுழைகிறார்கள்.

இது ரகசியமே இல்லை. நாங்கள் படித்த சில்பர்ஷாட்ஸ் புத்தகத்திலேயே, நவீன கணினிகளில் இது சரியாக வேலை செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று ஒரு வரி உண்டு. அந்த வரியை வகுப்பில் யாரும் வாசித்ததில்லை. கேள்வித்தாளில் வராதே.

என் கோபம் அந்த வரியில் தொடங்குகிறது, ஆனால் அங்கேயே நிற்கவில்லை. முதலில் 'கோடு வரிவரியாக ஓடும்' என்று பொய் சொல்லிக்கொடுக்கிறோம். அதை நம்பி வளர்ந்தவன் வேலைக்கு வந்து கெர்னல் கோடைத் திறந்து, நடுவில் ஒரு மெமரி பேரியரைப் பார்த்து 'இது எதுக்கு?' என்று கேட்டால், 'அதெல்லாம் எக்ஸ்பெர்ட் சமாச்சாரம், கை வைக்காதே' என்று பயமுறுத்துகிறோம். பொய்யும் பயமும் சேர்ந்தால் என்ன பிறக்கும்? மூடநம்பிக்கைதான்.

நான் வேலை பார்த்த ஒரு இடத்தில், ஒரு டிவைஸ் டிரைவரில் அடுத்தடுத்த மூன்று வரிகளில் மூன்று முழு பேரியர்கள் இருந்தன. மேலே ஒரே கமென்ட்: 'எடுக்காதே.' எழுதினவர் எப்போதோ போய்விட்டார். ஏதோ ஒரு ராத்திரி மெஷின் தொங்கியிருக்கிறது, ஒரு பேரியரைப் போட்டிருக்கிறார், தொங்குவது குறைந்திருக்கிறது. இன்னொன்று, இன்னும் ஒன்று. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் தாயத்து கட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பேரியர் வேகத்தைக் குறைக்கிறது, அதனால் தப்பு நடக்கும் தருணம் கொஞ்சம் தள்ளிப்போகிறது. அதையே நிவாரணம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

பேரியர் தனியாக எதையும் காப்பாற்றாது. கெர்னலில் ஒரு ப்ராசஸ் தூங்கப் போவதை எடுத்துக்கொள்ளுங்கள். தூங்கப்போகிறவன் 'நான் தூங்கறேன்' என்று தன் நிலையை எழுதிவிட்டு, வேலை ஏதும் வந்திருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை பார்க்கிறான். எழுப்புகிறவன் 'வேலை வந்தாச்சு' என்று எழுதிவிட்டு, அவன் தூங்குகிறானா என்று பார்க்கிறான். பீட்டர்சனின் அதே வடிவம்: ஆளுக்கு ஒன்றை எழுதி, அடுத்தவர் எழுதியதைப் படிக்கிறார்கள். ரெண்டு சீட்டும் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டால்? தூங்குகிறவனுக்கு வேலை வந்தது தெரியாது. எழுப்புகிறவனுக்கு அவன் விழித்திருப்பதாகவே தெரியும். அவன் தூங்கிப்போவான், வேறு யாராவது தற்செயலாக எழுப்பினால் உண்டு. வெளியே பார்க்கிறவர்களுக்கு 'மெஷின் ஹேங் ஆயிடுச்சு, ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடும்'. டிக்கெட்டில் ஹார்ட்வேர் பிரச்சினை என்று எழுதி மூடிவிடுவார்கள்.

லினக்ஸில் நிலையை எழுதும் மேக்ரோவுக்குள் ஒரு முழு பேரியர் இருக்கிறது. எழுப்பும் பக்கத்திலும் ஒன்று உண்டு. ஒருபக்கம் மட்டும் இருந்தால் பிரயோஜனமே இல்லை. அந்த மேக்ரோவின் தலைமேல் இந்த ரெண்டு பக்கக் கதையும் கமென்டாக எழுதியிருக்கிறது. இதுதான் நான் கேட்பது: எந்த எழுத்தை எந்தப் படிப்புக்கு முன் நிறுத்துகிறாய், எதிர்முனையில் உன் ஜோடி யார்? லினக்ஸின் செக்பேட்ச் ஸ்கிரிப்ட்டும் கமென்ட் இல்லாத பேரியரைப் பார்த்தால் எச்சரிக்கும். ஒரு ஸ்கிரிப்ட்டுக்கு இருக்கும் ரோஷம் ரிவ்யூ செய்பவர்களுக்கு இல்லை.

காரணம் எழுதப்பட்ட பேரியரை ஒருநாள் எடுக்கவும் முடியும். டெக் ஆல்ஃபா என்ற ப்ராசஸருக்காக மட்டும், பாயின்டரைப் பிடித்துக்கொண்டு போய்ப் படிக்கும் இடங்களில் லினக்ஸ் ஒரு தனி பேரியரைச் சுமந்துகொண்டிருந்தது. எதற்கென்று தெரிந்திருந்ததால் 2018-ல் அதை 'ரீட் ஒன்ஸ்' என்ற மேக்ரோவுக்குள் மடக்கிவைத்தார்கள். 2020-ல் பழைய பெயரே கெர்னலிலிருந்து போய்விட்டது. தாயத்தை யாராவது இப்படித் துணிந்து அவிழ்ப்பார்களா?

'இதெல்லாம் மேதைகளுக்கே புரியாது' என்பவர்களுக்கு 1999-ஐ ஞாபகப்படுத்துகிறேன். எக்ஸ்86-ல் ஸ்பின்லாக்கை விடுவிக்க, விலை அதிகமான லாக் வகை இன்ஸ்ட்ரக்‌ஷன் தேவையா, சாதாரணமாக ஒரு மதிப்பை எழுதினால் போதாதா என்று கேள்வி வந்தது. சுமார் 22 டிக் பிடித்தது 1 டிக்கில் முடியும். லினஸ் டோர்வால்ட்ஸ் கூடாது என்றார். பிறகு இன்டெல்லிலிருந்தே ஒரு இன்ஜினியர் வந்து, ஏன் போதும் என்று விளக்கினார். லினஸ் ஏற்றுக்கொண்டார். இதைப் படித்துவிட்டு 'லினஸுக்கே தெரியலையே, நாம எங்க' என்கிறார்கள். நான் தலைகீழாகப் படிக்கிறேன். கேட்டதால், வாதாடியதால், பதில் கிடைத்தது. பூசாரியிடம் விட்டிருந்தால் 22 டிக்கும் அப்படியே இருந்திருக்கும்.

'எல்லாத்துக்கும் லாக் போடு, வம்பே இல்லை' என்று நல்ல இன்ஜினியர்களே சொல்வார்கள். முக்கால்வாசி சரி. அப்ளிகேஷன் எழுதுகிறவர்கள் அதைத்தான் செய்யவேண்டும், நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் அந்த லாக்கை யார் எழுதியது? கெர்னல் என்பது லாக் தயாராகும் பட்டறை. பட்டறைக்காரன் கடையில் வாங்கிக்கொள்ள முடியாது.

இன்னொரு கூட்டம் 'என் மெஷின்ல ஓடுது' என்கிறது. எக்ஸ்86 கொஞ்சம் கருணையுள்ள ப்ராசஸர். நாம் பார்த்த சட்டைப்பைச் சிக்கல் அதிலும் உண்டு, ஆனால் ஒரு கோர் எழுதிய ரெண்டு எழுத்துகள் மற்ற கோர்களுக்கு அதே வரிசையில்தான் தெரியும். ஆர்மில் அந்த உத்தரவாதமும் இல்லை. டேட்டாவை நிரப்பிவிட்டு 'ரெடி' கொடியைப் போட்டால், எதிர்முனையில் கொடி புதிதாகவும் டேட்டா பழையதாகவும் தெரியலாம். ஆண்ட்ராய்டு போனில் இதைப் படித்துக்கொண்டிருந்தால், அநேகமாக ஆர்ம் மேல் ஓடும் லினக்ஸ் கெர்னல்தான் உங்கள் கையில் இருக்கிறது. கொடியைப் போடும் பக்கம் ரிலீஸ், பார்க்கும் பக்கம் அக்வயர் என்று எழுதினால் போதும். எக்ஸ்86-ல் அவை ரெண்டும் வெறும் சாதாரண எழுத்தாகவும் படிப்பாகவும்தான் மாறும், தனி இன்ஸ்ட்ரக்‌ஷன் எதுவும் சேராது. கம்பைலர் இஷ்டத்துக்கு வரிகளை மாற்றுவது மட்டும் நிற்கும். அதைக்கூட எழுதமாட்டேன் என்பதற்குப் பெயர் சோம்பேறித்தனம்.

'படிக்க எங்க இருக்கு?' என்ற சாக்கும் போய்விட்டது. 2018-ல் லினக்ஸின் மெமரி மாடலையே கணிதமாக எழுதி கெர்னலுக்குள் சேர்த்தார்கள். அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பு, சின்னப் பிள்ளைகளைப் பயமுறுத்துவது, பெரியவர்களைக் கலங்கடிப்பது என்று போகும். (தலைப்பிலேயே பயமுறுத்தல், என்ன செய்ய.) ஆனால் கூடவே வரும் சோதனைக் கோப்புகள் ஒவ்வொன்றும் சின்னஞ்சிறு கோடுதான். ஹெர்ட் என்ற கருவியில் போட்டால் சாத்தியமான எல்லா ஓட்டங்களையும் அது எண்ணிச் சொல்லும்.

பீட்டர்சனின் நடுப்பகுதியும் அங்கே இருக்கிறது: ரெண்டு த்ரெட், ஆளுக்கு ஒரு எழுத்து, ஒரு படிப்பு. ரெண்டு பேருக்கும் பழைய மதிப்பே தெரியுமா என்று கேட்டால் 'சம்டைம்ஸ்' என்று வரும். ஒரு த்ரெட்டில் மட்டும் முழு பேரியரைச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் 'சம்டைம்ஸ்'. அடுத்த த்ரெட்டிலும் சேர்த்தால்தான் 'நெவர்' வரும். மொத்தம் பத்து நிமிஷ வேலை.