லாப்லாந்துக்கு டிசம்பரில் போகாதீங்க!

பனி பார்க்க ஃபின்லாந்து போகிறவர்கள் ஏன் கிறிஸ்துமஸ் வாரத்தையே பிடித்துத் தொங்குகிறார்கள்? தாத்தா ஒன்றும் ஓடிவிட மாட்டார் மக்களே! ரோவனியெமியில் 1985-ல் தொடங்கிய அவருடைய கிராமம் வருஷம் முழுக்கத் திறந்திருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். டிசம்பர் 21 வாக்கில் அங்கே பகல் சுமார் 2 மணி நேரம்தான். இன்னும் வடக்கே, உட்ஸ்யோகியில், நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி நடுவில்தான் தலைகாட்டும். மேகமும் அதிகம், வானம் மூடினால் துருவ ஒளி அம்பேல். அறை வாடகை மட்டும் உச்சத்தில்!

மார்ச்சில்? பனி நன்றாகக் குவிந்திருக்கும். 20-ஆம் தேதி வாக்கில் பகல் 12 மணி நேரம். ராத்திரி இருட்டும் மிச்சம். பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டிப் புவிகாந்தப் புயல்கள் கூடுதலாக வருவதால் துருவ ஒளிக்கும் வாய்ப்பு அதிகம்.

'பிள்ளைகளுக்கு அப்போதுதான் லீவு' என்பவர்களை விட்டுவிடலாம். துருவ இருட்டையே ரசிக்கப் போகிறவர்களோடும் எனக்குச் சண்டையில்லை. மற்றவர்களுக்கு ஒரே கேள்வி: சரக்கு குறைவு, விலை அதிகம் என்றால் வேறு எந்தக் கடையிலாவது வாங்குவீர்களா? வருஷக்கணக்கில் சேர்த்த பணம் சாமி, காலண்டரில் மார்ச்சையும் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள்.