பரணும் படுக்கையும் பட்டறையும்

மும்பைச் செம்பூரில் நாங்கள் குடியிருக்கும் இரண்டறை வீட்டின் கூடத்தில், என் மருமகள் ஐந்து வருஷ காலமாக ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்து கொடுக்கும் சிறு தொழில் ஒன்றை நடத்தி வருகிறாள். ஆறடி நீளமுள்ள மரச்சட்டம், அதில் இழுத்துக் கட்டிய பட்டுத் துணி, நூற்கண்டுகள், ஜர்தோசிச் சுருள்கள், சம்கி, குந்தன் கல், வாடிக்கைக்காரர்கள் அளவுக்காகக் கொடுத்துவிட்டுப் போன பழைய ரவிக்கைகள், கூரியர் உறைகள், இவற்றுக்கு மத்தியில் எங்கோ ஒரு மூலையில் என் மூக்குக்கண்ணாடி என்று விளங்கும் அந்தக் கூடத்தைப் பார்த்து மனம் இளகிய சிநேகிதர் ஒருவர், சென்ற வருஷம் நவராத்திரிக்குச் சற்று முன்னால், வீட்டைச் சீராக வைத்துக்கொள்வது எப்படி என்பதை விளக்கும் புத்தகம் ஒன்றை அவளுக்குப் பரிசளித்தார். அவளும் சிரத்தையாகப் படித்தாள். மூடியோடு கூடிய பிளாஸ்டிக் டப்பாக்கள் இருபத்துநான்கு வாங்கி, ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதி ஒட்டினாள். தீபாவளி வருவதற்குள் டப்பாக்களை அடுக்க ஓர் அலமாரி அவசியமாயிற்று. அலமாரி வந்து சேர்ந்ததும் சட்டத்தை விரிக்க இடமில்லாமல் போயிற்று.

இவ்வகை உபதேசங்களின் மேல் எனக்குத் துவேஷம் ஏதும் கிடையாது. ஆனால் அவை எழுதப்பட்ட வீட்டில் கதவைச் சாத்திக்கொள்ளத் தனியறை ஒன்று இருந்தது என்ற விஷயத்தை மட்டும் அவை வாய்விட்டுச் சொல்வதில்லை. இத்துறையின் குருவாக உலகம் போற்றும் ஜப்பானியப் பெண்மணி மாரி கோண்டோ, 2011-இல் தம் நூலால் பிரக்யாதி அடைந்தவர், மூன்றாவது குழந்தை பிறந்த பிற்பாடு தம் வீட்டிலேயே அந்த நியமங்களைக் கொஞ்சம் தளர்த்திவிட்டதாக 2023-இல் ஒப்புக்கொண்டார். அவரிடம் எனக்கு மரியாதை ஏற்பட்டது அன்றைக்குத்தான்.

என் மருமகள் கடைசியில் கண்டுபிடித்த உபாயம் எந்தப் புத்தகத்திலும் உள்ளதன்று. துணி உலர்த்தும் கொடியைக் கூடத்தின் சுவரோரமாகக் கட்டி, அதில் ஏழு கொக்கிகளை மாட்டி, கிழமைக்கு ஒன்றாகப் பிரித்தாள். ஒரு வாடிக்கைக்காரியின் துணி, அளவு ரவிக்கை, அந்த வேலைக்கு வேண்டிய நூல், எடைபோட்டு முடிந்து வைத்த மணிகள், கூலியும் முன்பணமும் குறித்த சீட்டு, எல்லாம் ஒரே துணிப்பைக்குள் போய், கொடுக்க வேண்டிய கிழமையின் கொக்கியில் தொங்கும். மிச்ச மணிகளெல்லாம் பரண்மேல் தகர டப்பாக்களில் கிடக்க, அன்றாடத் தேவைக்கு உரியவை மாத்திரம் என் மனைவி அவளுக்குக் கொடுத்த பழைய அஞ்சறைப் பெட்டியில் கீழே இருக்கும். சரக்கை இனவாரியாகச் சேகரிப்பது நூல்நிலையத்துக்கு உகந்த முறை. நாள்வாரியாகப் பிரிப்பது சமையற்கட்டின் முறை. சிறு தொழிலுக்கு ஏற்றது பின்னதே என்பது என் அபிப்பிராயம்; ஏனென்றால் அங்கே பொருள் தங்குவதற்காக வருவதில்லை, புறப்பட்டுப் போவதற்காகவே வருகிறது.

இந்த முறையை அவள் புதிதாகக் கண்டாள் என்று சொன்னால் தாராவி சிரிக்கும். நான் உத்தியோகத்தில் இருந்த நாளில், மாட்டுங்கா லேபர் கேம்பைத் தாண்டித் தாராவிக்குள் எனக்குப் பழக்கமான திருநெல்வேலிக் குடும்பம் ஒன்றைப் பார்க்கப் போவதுண்டு. பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கும் அந்த அறையில் விடியுமுன் மூன்று மணிக்கு இட்லிக் கொப்பரையின் ஆவி கிளம்பும். ஆறு மணிக்கு அந்த வீட்டு அண்ணாச்சி இட்லியைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, ஊதுகுழலை அழுத்தியபடி தாதர் பக்கம் போய்விடுவார். பத்து மணிக்குக் கொப்பரை கவிழ்ந்து சுவரோரம் ஒதுங்க, அதே தரையில் தையல் மெஷினைப் போட்டு, தோல் பர்ஸுக்கு உள்துணி தைப்பதற்கு அந்த அம்மாள் உட்கார்ந்துவிடுவார். மாலையில் வெட்டுப் பலகை பிள்ளைகளுக்கு எழுதும் மேஜையாகும். ராத்திரி பலகை சுவரில் சாய, பாய் விரியும். வெளியிலிருந்து வந்தவன் கண்ணுக்குக் குப்பைக்கூளமாகத் தோன்றும் அந்த அறை, உண்மையில் ரயில்வே கால அட்டவணையைப் போன்ற கண்டிப்புடன் இயங்கியது. இடம் நான்கு பேருக்குப் பங்கு போடப்படவில்லை. பொழுதுதான் பங்கு போடப்பட்டிருந்தது. 2020-ஆம் வருஷத்துப் பெருந்தொற்றின்போது கணினி உத்தியோகஸ்தர்கள் சாப்பாட்டு மேஜையில் வேலை பார்க்கத் தொடங்கி, அதற்கு ஒரு கௌரவமான பெயரும் சூட்டிக்கொண்டார்கள். அந்த அம்மாளுக்கு அது சொல்லித் தெரிய வேண்டிய சேதியன்று.

இத்தகைய வீடுகளை நகர அமைப்பைப் பற்றி ஆராயும் ‘அர்ப்ஸ்’ குழுவினர் ‘கருவி வீடு’ என்ற பொருளில் ஒரு பெயரிட்டு அழைக்கிறார்கள். வீடே ஒரு தொழிற்கருவி என்பது தாத்பரியம். அக்கருவியின் முக்கியமான உறுப்பு, மும்பைவாசிகள் ‘போட்மாலா’ என்று சொல்லும் பரண் அறை. ஏணிப்படி வைத்து ஏறும் அந்த இடைத்தட்டில்தான் சரக்கு இருக்கும், சில வீடுகளில் மெஷின்களும் இருக்கும். அது இட நெருக்கடியால் மாத்திரம் உண்டானதென்று எண்ணுகிறவர்கள், 2005 ஜூலை 26-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று ஒரே நாளில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மீட்டி நதி பெருகித் தாழ்ந்த பிரதேசங்களையெல்லாம் மூழ்கடித்தது. கீழே இருந்த தோலும் துணியும் போயின. மேலே இருந்தவை பிழைத்தன. எதை உயரத்தில் வைப்பது, எதைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது என்ற பாடத்தை மழை கற்பித்த ஊர் இது.

குயவர்கள் வாழும் கும்பார்வாடா இதிலும் ஒரு படி மேல். சௌராஷ்டிரத்திலிருந்து மும்பைக்கு வந்து, 1930-களில் தாராவியில் குடியமர்த்தப்பட்ட அந்த ஜனங்களின் வீடுகள் பல, அகலம் குறைந்து நீளம் மிகுந்தவை. ஒரு முனை வீதியைப் பார்க்கும், அங்கே விற்பனை; மறுமுனை சூளையிருக்கும் முற்றத்தைப் பார்க்கும், அங்கே சக்கரம்; நடுவில் குடித்தனம். மண் ஒரு பக்கம் நுழைந்து பானையாக மறுபக்கம் வெளியேறுகிற அந்த ஒழுங்கில், யாரும் எதையும் தேட வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று. சூளை எந்த வீட்டுக்குள்ளும் இல்லை. வீட்டு வரிசைகளுக்கிடையே பொதுவில் இருக்கிறது. காயவைக்கும் இடமும் பொது. அவை பொதுவில் இருப்பதனால்தான் வீட்டினுள் இத்தனை சிறிய இடம் போதுமானதாகிறது.

இப்படிப் பொதுவில் வைப்பதற்கு இன்னோர் உதாரணமும் உண்டு. 1959 மார்ச் மாதம் 15-ஆம் தேதி மும்பையின் கிர்காவ் பகுதியில் ஒரு கட்டடத்து மொட்டை மாடியில், எண்பது ரூபாய் கடனை மூலதனமாகக் கொண்டு ஏழு குஜராத்திப் பெண்கள் அப்பளம் இடத் தொடங்கினார்கள். அதுவே பின்னாளில் லிஜ்ஜத் என்ற பெயரில் தேசமெங்கும் பரவியது. அவர்களுடைய ஏற்பாட்டில் மாவு பிசைவது கிளை நிலையத்தில்; பெண்கள் பிசைந்த மாவை வாங்கிப் போய் வீட்டில் இட்டு, மறுநாள் அப்பளமாகக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். உளுந்து மூட்டையும் தராசும் எந்தச் சகோதரியின் சமையலறையிலும் புகுவதில்லை. அப்பளம் உலர்த்தச் சுத்தமான இடம் வீட்டில் இல்லாதவளை அவர்கள் திருப்பி அனுப்பிவிடவில்லை. மாவு பிசையவோ பொட்டலம் கட்டவோ வேறு வேலை கொடுத்தார்கள். வீட்டுத் தொழிலின் ஒழுங்கு பாதி வீட்டுக்கு வெளியே இருக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாக உணர்ந்த ஸ்தாபனம் நான் அறிந்தவரையில் வேறில்லை.

இதையெல்லாம் சொல்வதனால் தாராவி ஒரு சொர்க்கம் என்று நான் வாதிப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். தோல் ஒட்டும் பசையின் நெடியில் குழந்தை உறங்குவதையும், சூளைப் புகை வீட்டுக்குள் புகுவதையும், குனிந்து குனிந்து நாற்பது வயதிலேயே முதுகு வளைந்துபோன பெண்களையும் நான் பார்த்திருக்கிறேன். பரண் அறையில் மின்கம்பி தீப்பற்றினால் இறங்கி ஓட ஏணி ஒன்றுதான். அந்த வீடுகள் மாறத்தான் வேண்டும். எப்படி மாறப் போகின்றன என்பதே என் கவலை.

ஏறக்குறைய 600 ஏக்கர் பரப்புள்ள தாராவியைப் புனரமைக்கும் திட்டத்துக்கான ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய் முன்மொழிந்து வெற்றி பெற்றது. தகுதி பெற்ற குடும்பத்துக்கு 350 சதுர அடியில், சமையலறையும் கழிவறையும் உள்ளடங்கிய வீடு என்று அறிவித்திருக்கிறார்கள். தனிக் கழிவறையின் அருமையை விடியற்காலையில் வரிசையில் நின்றவர்களே அறிவார்கள். ஆகவே அதை நான் அலட்சியமாகப் பேச மாட்டேன். ஆனால் தரைத்தளத்தில் இருப்பவருக்கு உள்ள உரிமை மேல்தளத்தில் தனியாகக் குடியிருப்பவருக்கு இல்லை என்பதும், வீடு ஒரு கணக்கு, தொழில் வேறொரு கணக்கு என்று விதிகள் பிரித்துப் பேசுவதும், கருவி வீட்டை நடுவில் அறுத்து இரண்டு துண்டாக்குவதற்குச் சமானம். பன்னிரண்டாவது மாடியில் தையல் மெஷின் ஓடலாம். சரக்கு மூட்டையை ஏற்ற லிஃப்டு யாருடையது, வெட்டுத் துணியை எங்கே கொட்டுவது, அப்பளத்தை எந்த வெயிலில் காயவைப்பது? வீட்டிலிருந்து உழைப்பவர்களையும் தொழிலாளர்களாகவே மதிக்க வேண்டுமென்று சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 1996-இல் 177-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா இன்றுவரை அதை ஏற்று உறுதிசெய்யவில்லை.

நான் கேட்பது பெரிய சலுகை ஒன்றுமில்லை. புதிதாக எழும்பும் ஒவ்வொரு கட்டடத்திலும் இரண்டு மூன்று தளங்களுக்கு ஒன்றாகப் பொது வேலைக்கூடம், பூட்டுப் போட்டுக்கொள்ளும் சரக்கறை, மொட்டை மாடியில் உலர்த்தும் இடம், மூட்டைக்கென்று ஒரு லிஃப்டு: இவற்றை வரைபடத்தில் காட்டிய பின்னரே கட்ட அனுமதி என்று அரசாங்கம் விதிக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஜனங்களை உள்ளே அனுப்பினால், ஆறு மாதத்தில் நடைபாதையெல்லாம் மூட்டையாகும். அப்புறம் அதைச் சுட்டிக்காட்டி, இவர்களுக்கு வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதுவோரும் உண்டாவார்கள்.

எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்குக் கீழ்த்தளத்தில் அலுவலக அறை ஒன்று இருக்கிறது. மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் திறக்கும். மற்ற நாளெல்லாம் அதற்குள் ஒரு மேஜையும் சில நாற்காலிகளும் இருட்டில் இளைப்பாறுகின்றன. ஆறடிச் சட்டத்தைப் பகல் வேளையில் அங்கே விரித்துக்கொள்ள அனுமதி கேட்டு, அதற்கு வாடகை கொடுக்கவும் சம்மதித்து என் மருமகள் மனு எழுதியிருக்கிறாள். “மாமா, நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டுடுங்கோ, உங்க பேரிலதானே வீடு” என்றாள்; போட்டிருக்கிறேன். குடியிருப்புக் கட்டடத்தில் வியாபாரமா என்று இரண்டு பேர் ஆட்சேபித்திருப்பதாகக் கேள்வி. அவர்களில் ஒருவரது வீட்டு அம்மாளின் கல்யாண ரவிக்கை, வெள்ளிக்கிழமைக் கொக்கியில் தொங்குகிறது.