சுவரில் தலை, தொட்டியில் மூளை

அமெரிக்கக் கிராமத்து வீடு ஒன்றின் படம். வரவேற்பறைச் சுவரில் கொம்போடு ஒரு மான் தலை, பக்கத்தில் விசிறியாய் விரித்த வான்கோழி வால். இதைப் பார்த்ததும் நம்மவர்களில் பாதிப் பேர் 'காட்டுமிராண்டிகள்' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். எழுதிவிட்டு நேரே சிக்கன் பிரியாணி சாப்பிடப் போகிறார்கள்!

இந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது புரியாமல் இல்லை. பாடம் செய்த விலங்கு என்றாலே இங்கே நினைவுக்கு வருவது அரண்மனைப் புலிதான். மைசூரில் வான் இங்கன் குடும்பத்தின் பட்டறை 20ஆம் நூற்றாண்டின் கடைசி வரை இருந்தது. மகாராஜாக்களும் வெள்ளைக்காரத் துரைகளும் சுட்ட ஆயிரக்கணக்கான புலிகளும் சிறுத்தைகளும் அங்கேதான் வாய் பிளந்தபடி உறைந்தன. அந்தப் புலிகளை யாரும் தின்னவில்லை. சுட்டது பெருமைக்கு மட்டும். புலி தீர்ந்துபோகும் நிலை வந்த பிறகுதான் 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தத் துரைகளைத் திட்டுங்கள், தப்பில்லை. ஆனால் அதே திட்டைத் தூக்கிக்கொண்டு போய் விஸ்கான்சின் விவசாயி தலையில் கொட்டுவது என்ன நியாயம்?

அங்கே கதையே வேறு. 1900 வாக்கில் அமெரிக்காவில் வெள்ளைவால் மான்கள் சுமார் 5 லட்சம்தான் மிஞ்சியிருந்தன. இன்று 3 கோடியை ஒட்டி இருக்கின்றன. 1930களில் பல மாநிலங்களில் காட்டு வான்கோழியே கிடையாது. பண்ணையில் வளர்த்துக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள், பிழைக்கவில்லை. பிறகு 1950களில், வெடிவிசையால் பாயும் வலையை வீசிக் காட்டுப் பறவைகளையே பிடித்து, இல்லாத ஊர்களில் கொண்டுபோய் விட்டார்கள். பெருகிவிட்டது. இந்த மாதிரி வேலைகளுக்குப் பெரும் பணம் வந்த வழி, 1937ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம். நீண்ட துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி, அது போவது மாநில வனவிலங்குத் துறைகளுக்கு. அதாவது வேட்டைக்காரன் பாக்கெட்டிலிருந்து. சுட்ட மான் இறைச்சியை விற்கவும் முடியாது. வீட்டு ஃப்ரீஸருக்குப் போகும், குளிர்காலம் முழுக்க ஓடும். மிஞ்சுவதுதான் தலை.

அந்தத் தலை போகும் இடம் பெரும்பாலும் ஒரு தகரக் கொட்டகை. வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கும். பஞ்சு அடைக்கிற வேலை என்று யாராவது சொன்னால் அந்த டாக்ஸிடெர்மிஸ்டுக்குக் கோபம் வரும். பஞ்சு காலமெல்லாம் மலையேறியாயிற்று. கண் முதல் மூக்கு வரை நீளம், கழுத்துச் சுற்றளவு எல்லாம் அளந்து, அதற்கேற்ற பாலியூரித்தேன் நுரை வார்ப்பை வரவழைக்க வேண்டும். இமை, உதடு, காது எல்லாவற்றையும் உள்பக்கமாக உரித்து, உப்பிட்டு, பதனிடக் கொடுத்து வாங்கி, கண்ணாடிக் கண்ணைச் சுற்றிக் களிமண் வைத்து, தோலை ஒட்டி, பின்கழுத்தில் தைத்து, காய்ந்ததும் மூக்குக்கு வண்ணம் தீட்ட வேண்டும். வேட்டைக்காரர் அவசரத்தில் மானின் தொண்டையைக் கிழித்துக் கொண்டுவந்திருந்தால் அத்தனையும் இரட்டை வேலை. வான்கோழி இன்னும் மோசம். தோலின் கொழுப்பைச் சுரண்டி, பாத்திரம் கழுவும் சோப்பில் அலசி, ஹேர் டிரையர் பிடித்து இறகை நிமிர்த்த வேண்டும். தலையில் இறகில்லாத தோல் சுருங்கிவிடும் என்பதால் உறைநிலையில் உலர்த்திய தலையையோ வார்ப்புத் தலையையோ வைத்துச் சிவப்பும் நீலமும் பூச வேண்டும். இதைக் கேவலம் என்பவர்கள் ஒருநாள் அந்தக் கத்தியைப் பிடித்துப் பார்க்கட்டும்.

பாராட்டு இத்தோடு சரி. இனி திட்டு.

கொம்பை எடுக்க மண்டையோட்டை ரம்பத்தால் அறுக்க வேண்டும். கொம்பும் அதைத் தாங்கும் மேல் ஓடும் வார்ப்பின் மேல் ஏறிவிடும். மீதி மண்டையும் மூளையும்? பல கொட்டகைகளில் பின்பக்கத் தொட்டிக்கு, அங்கிருந்து ஏதாவது பள்ளத்துக்கு. சுவரில் தொங்கும் தலையைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இந்தத் தொட்டியைப் பார்ப்பதே இல்லை. பார்க்க வேண்டியது இதைத்தான்.

1967ல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் தெரியவந்த ஒரு நோய் உண்டு. மான் மெலிந்து, தள்ளாடி, எச்சில் ஒழுகச் சாகும். மருந்து கிடையாது. காரணம் ப்ரியான் என்ற கோணிப்போன புரதம். மாட்டுக்கு வந்த பைத்திய நோயின் உறவு. 2002ல் விஸ்கான்சினில் கண்டுபிடித்தார்கள், இன்று 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. இந்தப் புரதம் குவிவது மூளையிலும் தண்டுவடத்திலும் நிணநீர்க் கணுக்களிலும். சமைத்தாலும் சாகாது (சாக அதற்கு உயிரே இல்லை). மண்ணில் விழுந்தால் வருடக்கணக்கில் கிடக்கும். மனிதருக்குப் பரவியதாக உறுதியான சான்று இதுவரை இல்லை. ஆனாலும் நோயுள்ள மானைச் சாப்பிடாதீர்கள் என்றுதான் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் சொல்கிறது.

அதனால்தான் பல மாநிலங்கள் வெளியூர் மானை முழுத்தலையோடு எல்லை தாண்டிக் கொண்டுவரத் தடை போட்டிருக்கின்றன. மூளைத்துணுக்கு ஒட்டாமல் சுத்தம் செய்த மண்டைத் தகடும் தோலும் வரலாம். ஆனால் வாடிக்கையாளர் போய்விடுவாரே என்று, முழுத்தலையை வாங்கிக்கொண்டு ஒன்றும் கேட்காத கடைக்காரர்களும் இருக்கிறார்கள். ஒரு தலைக்குப் பல நூறு டாலர் கூலி, ஆசை விடுமா? இன்னொரு சாக்கு, 'நாங்கள் என்ன கால்நடை டாக்டரா?' என்பது. மாநிலத்தின் வான்கோழியையும் மானையும் எங்கள் பணம்தான் காப்பாற்றியது என்று மார்தட்டும் கூட்டம்தான் இதையும் சொல்கிறது!

டாக்டர் வேலை ஒன்றும் வேண்டாம். வயதான ஆண் மான்களிடம்தான் இந்த நோய் அதிகம். பெரிய கொம்போடு பாடம் செய்ய வருபவையும் அவைதான். வர்ஜீனியாவின் வனவிலங்குத் துறை இதைப் புரிந்துகொண்டு டாக்ஸிடெர்மிஸ்டுகள் மூலமாகவே பரிசோதனைக்கு மாதிரி சேகரிக்கிறது. தொண்டைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு நிணநீர்க் கணுக்கள் போதும். அவற்றை எடுக்கப் பழகிய கைக்குச் சில நிமிடம்தான் ஆகும். தலை எப்படியும் அவர் மேசையில்தான் கிடக்கிறது, கத்தியும் கையில்தான் இருக்கிறது.