எல்லாம் பொலித்தீன்தானே?

டச்சுக்குடா கரையில் ஞாயிற்றுக்கிழமைத் துப்புரவு. கையுறை, சாக்கு, பனர், கடைசியில் ஒரு குழுப்படம். சாக்குக்குள்ள சொப்பிங் பேக், லஞ்ச் ஷீட், ஷாம்பு போத்தல் எல்லாம் ஒண்டா. பிரிப்பமா எண்டு கேட்டால், "எல்லாம் பொலித்தீன்தானே!"

அந்தத் 'தானே'யோடுதான் எங்களுக்குச் சண்டை.

சரசரக்கும் மெல்லிய பையும் ஷாம்பு போத்தலும் பெரும்பாலும் அடர்த்தி கூடிய பொலித்தீன். அதன் மூலக்கூறுகள் கிட்டத்தட்ட நேர் நூல்கள். சத்தமில்லாத மெத்தென்ற பைகளில் பல, 1933இல் இங்கிலாந்தில் ஐசிஐ ஆய்வுகூடத்தில் தற்செயலாகக் கிடைத்த வகை. அதில் நூலுக்கு நீண்ட கிளைகள் உண்டு. கிளை கண்ணுக்குத் தெரியாது. உருக்கி ஓடவிட்டுத்தான் பிடிக்கவேணும்.

ஈர்க்குக் கட்டில் ஓர் ஈர்க்கை உருவுவது சுலபம். இலந்தைக் கொப்புக் குவியலில் ஒன்றை இழுத்துப் பாருங்கோ, குவியலே கூட வரும். கிளைத்த பொலித்தீனும் அப்படித்தான்: மெதுவாகத் தள்ளினால் முரண்டுபிடிக்கும், வேகமாகத் தள்ளினால் சட்டென்று இளகும், இழுத்தால் இறுகும். பத்தாயிரம் காபன் அணுவுக்கு ஒரு நீண்ட கிளை இருந்தாலே ஓட்டம் காட்டிக்கொடுத்துவிடும்.

தொழிற்சாலைகள் வழக்கமாக ஓர் எண்ணோடு நிறுத்திவிடும்: 190 பாகை சூட்டில், 2.16 கிலோ பாரத்தில், 10 நிமிடத்தில் எத்தனை கிராம் வழிகிறது? அந்த எண் ஒன்றாக இருக்கும் இரண்டு பிளாஸ்டிக்குக்குள் கிளைகள் வேறாக இருக்கலாம். பல வேகத்தில் அளந்தால்தான் குட்டு வெளிப்படும்.

எங்கட சட்டத்தில் ஓர் எண்ணுக்கும் இதே நோய். 2017 செப்டெம்பரில் தடை வந்தது: 20 மைக்ரோன். அடர்த்தி கூடிய பொலித்தீன் பைகளுக்குத் தனியாகவும் தடை வந்தது, ஆனால் அந்த எண் தடிப்பைத்தான் கேட்டது, உள்ளே கிளை எப்படி எண்டு கேட்கவில்லை. என்ன விகிதத்தில் கலந்தது எண்டே தெரியாத குப்பையை உருக்கினால் அது எப்படி நடந்துகொள்ளும் எண்டு ஆர் சொல்லுவார்?

2021இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் எரிந்து, சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் விஷயமாகின. எரிந்ததும் எரியாததும் கலந்தே கரைக்கு வந்தன. சூடு சில சங்கிலிகளை அறுக்கும், சிலதைப் புதிதாய்ப் பிணைக்கும். தொன் கணக்கில் நிறுத்தால் இது தெரியுமா? கப்பல் வராத துறைமுகமா எங்கடது?

"ஆர்ட்ஸ் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு?" எண்டு சிரிக்கிறார்கள். கரையில் குனிஞ்சு பொறுக்கும்போது எங்கள் பீடத்தை ஒருத்தரும் கேட்கவில்லையே!

அடுத்த துப்புரவுக்குச் சாக்குகள் தனித்தனியாக வரும், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பிடி விஞ்ஞான பீட நண்பர்களின் மேசைக்குப் போகும். அளந்து தாங்கோ. பனரை வீட்டில வைச்சிட்டு வாறம்.