நாலு மாசத்துக்கு எதுக்குப் புதுத்துணி?

செமஸ்டர் முடிந்து ஊருக்கு வந்தால் பத்து நாள் நிம்மதியாகத் தூங்கலாம் என்றுதான் திருப்பூர் பஸ் ஏறினேன். வந்த மூன்றாம் நாளே அக்கா பிடித்துக்கொண்டாள். "டேய், மாமாவுக்கு கம்பெனியில ஷிப்மெண்ட் டைம், லீவு கிடைக்காது. நீ சும்மாதானே கிடக்கற, என்கூட கடைக்கு வா."

அக்காவுக்கு ஆறாவது மாதம். ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வாங்க வேண்டியது, கர்ப்பமாக இருக்கும்போது வெளியே போட்டுக்கொண்டு போக நாலு நல்ல உடைகள். அவ்வளவுதான் மேட்டர். ஒரு மணி நேரத்தில் முடியும் என்று நினைத்துப் போனேன். நாலு நாள் ஆனது!

ஒரு பையன் இதைப் பற்றியெல்லாம் எழுதுவதா என்று கிளாஸ் பசங்க ஓட்டுவாங்க, தெரியும். ஓட்டிக்குங்க :-) அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரு மட்டும் போடாத, மத்ததெல்லாம் எழுது" என்று சொல்லிவிட்டாள்.

ஏன் திடீரென்று புதுத்துணி என்று கேட்பீர்கள். அவள் பள்ளியில் டீச்சர்கள் எல்லாரும் சேலைதான் கட்ட வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன்னால், கையில் நோட்டுக் கட்டோடு மாடியிலிருந்து இறங்கும்போது கொசுவம் காலில் சிக்கிவிட்டது. வயிறு மறைப்பதால் படியும் சரியாகத் தெரியவில்லை. கைப்பிடியைப் பிடித்துவிட்டாள். நோட்டுகள் எல்லாம் படிக்கட்டில் உருண்டன. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் போனில் அழுதிருக்கிறாள். மறுநாள் சுடிதார் போட்டு வர அனுமதி கேட்டதற்கு, "விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே டீச்சர்" என்று பதில். வேலையை விட்டுவிடலாமா என்கிற அளவுக்கு வந்துவிட்டாள். எட்டு வருட சர்வீஸ், ஒரு கொசுவத்துக்காக!

சரி, கடைக்கு வருவோம்.

முதலில் போனது நாலு மாடி ஜவுளிக்கடை. "மெட்டர்னிட்டி டிரஸ் இருக்குங்களா?" என்று அக்கா கேட்டதும் அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நைட்டி செக்சன் மூணாவது மாடிங்கக்கா" என்றார். ஏதோ ரகசியம் சொல்வது போல. மூன்றாவது மாடியில் நிஜமாகவே நைட்டி மட்டும்தான். ஜிப் வைத்த நைட்டி, பட்டன் வைத்த நைட்டி, பூப்போட்ட நைட்டி. "வெளியில வேலைக்குப் போட்டுட்டுப் போற மாதிரி?" என்றால், "அப்ப சுடிதார் டாப்புல டபுள் எக்ஸ்எல் எடுத்துக்குங்கக்கா, எல்லாரும் அப்படித்தான் எடுப்பாங்க."

எடுத்துப் போட்டுப் பார்த்தாள். தோள் முழங்கை நோக்கி இறங்குகிறது. கழுத்து விரிந்து கிடக்கிறது. இத்தனைக்கும் வயிற்றுக்கிட்டே மட்டும் இன்னும் இறுக்கம். அப்போதுதான் எனக்கே உறைத்தது. கர்ப்பம் என்றால் ஆள் எல்லாப் பக்கமும் சமமாகப் பெரிசாவதில்லை. தோள் அதே தோள்தான். நெஞ்சும் வயிறும்தான் மாறுகிறது. பெரிய சைஸ் என்பது பெரிய ஆளுக்காக வெட்டியது, வளரும் வயிற்றுக்காக வெட்டியது அல்ல.

அடுத்து ஒரு மாலில் தாய் சேய் பொருட்கள் விற்கும் கடை. குழந்தை சாமான்தான் கடை முழுக்க. ஓரமாக ஒரே ஒரு ஸ்டேண்டில் அம்மாவுக்கான குர்த்திகள். அருமையான காட்டன், அருமையான தையல், பக்கவாட்டில் தெரியாத மாதிரி பால் கொடுக்க ஜிப். அக்கா முகமே மலர்ந்துவிட்டது. விலைச்சீட்டைப் பார்த்தாள். 1,899 ரூபாய். அப்படியே மாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

சரியாக அந்த நேரத்தில் அத்தையின் போன். (அத்தை என்றால் அக்காவின் மாமியார். நல்ல மனுஷி, தப்பாக நினைக்காதீர்கள்.) "ஏங் கண்ணு, நாலு மாசத்துக்கு எதுக்குப் புதுத்துணி? காசுக்குத் தண்டம். என்ற சேல நாலு தாரேன், கட்டிக்க."

இந்த ஒரு கேள்வியைத்தான் நான் இந்தப் பதிவு முழுக்க எதிர்க்கப் போகிறேன்.

ஏனென்றால் போன மாதம்தான் இதே குடும்பம் வளைகாப்புக்காக 14,000 ரூபாய்க்குப் பட்டுச்சேலை எடுத்தது. அத்தைதான் முன்னால் நின்று கலர் பார்த்தார். அதைக் கட்டப்போவது ஏழாம் மாதத்தில் ஒரே ஒரு காலை. அதிகபட்சம் ஆறு மணி நேரம். அதற்கு யாரும் "ஒரு நாளைக்கு எதுக்கு?" என்று கேட்கவில்லை. தினமும் உடம்பில் கிடக்கும் துணிக்கு மட்டும் கணக்கு பார்க்கிறோம். ஊர் பார்க்கும் துணிக்குக் காசு உண்டு, அவள் வசதிக்கான துணி தண்டம். பட்டுச்சேலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அக்காவுக்கும் அந்த மாம்பழ மஞ்சள் சேலை உயிர். இதையும் அதே மனசோடு வாங்கிக்கொடுங்கள் என்கிறேன்.

அதுவும் இது "நாலு மாசம்" கிடையாது. கர்ப்பப்பை சுமார் இருபதாவது வாரத்தில் தொப்புள் மட்டத்துக்கு வந்துவிடும் என்கிறார்கள் டாக்டர்கள். அதாவது ஐந்தாம் மாதத்திலேயே பழைய நாடாவும் பழைய இடுப்பும் ஒத்துவராது. அதிலிருந்து பிரசவம் வரை ஐந்து மாதம். பிறகு? குழந்தை பிறந்த மறுநாளே வயிறு பழைய நிலைக்கு வந்துவிடாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பால் கொடுக்க வசதியாகத் தைத்த உடை என்றால் அந்த ஆறு மாதமும் அதே உடைதான். ஆக மொத்தம் பதினொரு மாதம். அக்கா கணக்கு டீச்சர், நான் கணக்கில் அரியர் வைத்தவன். எனக்கே இந்தக் கூட்டல் வருகிறது!

வீட்டிலேயே இருப்பதென்றால் நைட்டி போதும், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்றைக்கு யார் வீட்டில் இருக்கிறார்கள்? 2017ல் வந்த சட்டத் திருத்தத்தில் மகப்பேறு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரம் ஆனது. அதில் பிரசவத்துக்கு முன்னால் எடுக்கக்கூடியது அதிகபட்சம் 8 வாரம். நாற்பது வாரத்தில் எட்டைக் கழித்தால் முப்பத்திரண்டு வாரம் வேலைக்குப் போயாக வேண்டும். லீவைக் குழந்தைக்காக மிச்சம் பிடிக்கிறவர்கள் அதற்கு மேலும் போகிறார்கள். பஸ்ஸில் நின்று, படி ஏறி, போர்டில் எழுதி, மறுபடி பஸ்ஸில் நின்று. கடைக்காரர் மூன்றாவது மாடியில் நைட்டியைக் காட்டும்போது மறைமுகமாகச் சொல்வது, "இனி நீங்க வீட்லதானே இருக்கப் போறீங்க" என்பதைத்தான். வெளியே போட்டுப் போக துணி இல்லை என்றால் மெல்ல மெல்ல வெளியே போவதே நின்றுவிடும். முதலில் கல்யாண வீடு, அப்புறம் சாயங்கால வாக்கிங், கடைசியில் வேலை.

அந்தக் குரலைத் தாழ்த்திப் பேசும் பழக்கம் நமக்கு மட்டும் உள்ளது இல்லை. லித்துவேனியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன லேனா பிரையன்ட் என்ற பெண், கணவர் இறந்த பிறகு கைக்குழந்தையோடு தையல் தொழில் செய்து, 1904ல் நியூயார்க்கில் கடை போட்டார். கர்ப்பிணி ஒருத்தி வந்து வெளியே போட்டுப் போக ஒரு உடை கேட்க, இடுப்பில் எலாஸ்டிக்கும் கீழே மடிப்புப் பாவாடையுமாகத் தைத்துக் கொடுத்தார். நன்றாக விற்றது. ஆனால் கர்ப்பிணி உடை என்று விளம்பரம் போட எந்தப் பத்திரிகையும் ஒத்துக்கொள்ளவில்லை. அசிங்கமாம்! 1911ல்தான் ஒரு பத்திரிகை போட்டது. (வங்கியில் பேரைத் தப்பாக எழுதியதால் கடை பேர் 'லேன் பிரையன்ட்' ஆனது தனிக்கதை.) நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் நம் ஊர்க் கடையில் அதே கிசுகிசுப்புதான்.

இனி அம்மா கட்சி. "நாங்கெல்லாம் சேலை கட்டித்தான்டா உங்களைப் பெத்தோம்." இதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. சேலைக்கு சைஸே கிடையாது. வயிறு வளர வளர ஏற்றியும் இறக்கியும் கட்டிக்கொள்ளலாம். பழகியவர்களுக்கு அதைவிட நல்ல உடை இல்லை. ஆனால் உள்பாவாடை நாடா? அதை இறுக்கினால் வயிறு வலி, தளர்த்தினால் சேலை நிற்காது.

அம்மா பனியன் கம்பெனியில் டெய்லர். நான் பிறக்கிறதுக்கு முந்தின மாதம் வரை ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தவர். மூன்றாம் நாள் அக்காவையும் என்னையும் காதர்பேட்டைக்குக் கூட்டிப் போனார். ஏற்றுமதியில் மிச்சமான துணிகளைக் குவித்துப் போட்டு விற்கும் இடம். குவியலைக் கிளறும்போது அக்கா கையில் ஒரு பனியன் வந்தது. இரண்டு பக்கமும் வயிற்றுக்கிட்டே சுருக்கு வைத்தது, முன்பக்கம் மட்டும் கொஞ்சம் நீளம். அம்மா வாங்கிப் பார்த்தார்.

"இந்த மாடல் நான் தைச்சிருக்கேன். ஆயிரக்கணக்குல தைச்சிருப்பேன். ஏன் சைடுல சுருக்கு, ஏன் முன்னாடி நீட்டம்னு அப்ப தெரியல. வெள்ளைக்காரன் பேஷன்னு நினைச்சேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "உன்னை வயித்துல வெச்சிருந்தப்ப நாடா கட்ட முடியாம பாவாடைக்கு ஊக்கு குத்தி வெச்சிருப்பேன். ரெண்டு தடவ வயித்துலயே குத்திருச்சு" என்றார். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட சொன்னதில்லை. வெளிநாட்டுக் கர்ப்பிணிகளுக்குத் தைத்து அனுப்பிய ஊர் இது. தைத்தவருக்கு ஊக்கு. எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் அம்மா கட்சி மாறிவிட்டார் :-) துணி எடுத்து அவரே வெட்டினார், தெருக்கோடி டெய்லர் அக்கா தைத்துக் கொடுத்தார். மூன்று குர்த்திகள், துணியும் கூலியும் சேர்த்து ஒன்று 700 ரூபாய். இரண்டு பேண்ட், ஒன்று 300. மொத்தம் 2,700. பதினொரு மாதத்துக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு எட்டு ரூபாய் சொச்சம். ஒரு டீ காசுகூட இல்லை!

நாலு நாளில் நாங்கள் கற்றுக்கொண்டது, யாருக்காவது உதவும்:

1. சைஸை ஏற்றாதீர்கள். தோள் உங்கள் பழைய அளவே இருக்கட்டும். நெஞ்சுக்குக் கீழே கட் வைத்து, அங்கிருந்து சுருக்கு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். வயிறு வளர இடம் கிடைக்கும்.

2. முன்பக்கம் இரண்டு இஞ்ச் நீளமாக வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் வயிறு துணியை மேலே தூக்கி, முன்னால் குட்டையாகத் தெரியும்.

3. பேண்டில் நாடா வேண்டாம். அகலமான எலாஸ்டிக், அல்லது வயிற்றை மூடுகிற மாதிரி இழுபடும் பனியன் துணிப் பட்டி. எலாஸ்டிக் தோலில் தடம் பதித்தால் அது இறுக்கம் என்று அர்த்தம்.

4. காட்டன்தான். கர்ப்பத்தில் உடம்பு சூடும் வியர்வையும் அதிகம். நம் ஊர் சித்திரை வெயிலில் பாலியெஸ்டர் வேண்டவே வேண்டாம்.

5. பால் கொடுக்க ஜிப்பை இப்போதே வைத்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு பாக்கெட்டும்.

6. உள்ளாடையும் மாற்ற வேண்டும். (இதை எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. "இதை எழுதலைன்னா பதிவே போடாத" என்று அக்கா உத்தரவு.) மார்பளவு மாறுவதால் பழையது இறுக்கும். எல்லாரும் இதில்தான் மிச்சம் பிடிக்கிறார்களாம்.

7. ஒரேயடியாக வாங்கிக் குவிக்க வேண்டாம். ஐந்தாம் மாதம் இரண்டு, ஏழாம் மாதம் தேவைப்பட்டால் இன்னும் ஒன்று. முன்னால் பெற்றெடுத்த தோழி, சித்தி பெண் யாரிடமாவது இருந்தால் கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள். முடிந்ததும் அடுத்தவளுக்குக் கொடுங்கள்.

8. செருப்பை மறக்காதீர்கள். கால் வீங்கும். பின்னால் வார் வைத்த, தட்டையான, வழுக்காத செருப்பு.

பள்ளி விஷயம் என்ன ஆனது? அக்கா டாக்டரிடம் ஒரு வரி எழுதி வாங்கி, படியில் தடுக்கியதையும் எழுதி மனு கொடுத்தாள். தமிழ்நாடு தலைமைச் செயலக ஊழியர்களுக்கு 2019ல் வந்த உடை விதியிலேயே சேலையோடு சல்வார் கமீஸும் துப்பட்டாவும் உண்டு என்பதை நான்தான் தேடிக் கொடுத்தேன் (ஹிஹி, என் பங்கு). மூன்று நாள் கழித்து அனுமதி வந்தது. மேலே டீச்சர் கோட் போட்டுக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு. கோட்டுக்கு பட்டன் போட முடியவில்லை, அது வேற விஷயம். போகட்டும். வேலையை விடும் பேச்சு இப்போது இல்லை.

படிக்கிற பசங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அக்காவோ அண்ணியோ நாளைக்கு இந்த நிலையில் இருந்தால், "நைட்டி இருக்குல்ல" என்று சொல்லாதீர்கள். கூட ஒருநாள் கடைக்குப் போய்ப் பையைத் தூக்குங்கள். நாலு மாசத்துக்கு எதுக்கு என்று யாராவது கேட்டால் பதினொரு மாசம் என்று சொல்லுங்கள். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, டீச்சரே திருத்திவிட்டார்.