பிரித்துக் கொடுப்போம், பிரித்தே எடுக்கச் செய்வோம்

2024 செப்டம்பரில் ஒன்றிய அரசு போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டியது. பெயர்ப் பலகைகள் மாறின. டெலானிபூர், அபர்டீன் பஜார், ஜங்லிகாட், ஹாடோ என நகரெங்கும் வீடுகளிலும் கடைகளிலும் சேரும் கழிவு என்னவாகிறது என்ற கேள்வி மட்டும் மாறாமல் நிற்கிறது. பல்லாண்டுகளாக அது புரூக்ஷாபாத்தில் கொட்டப்பட்டு மேடாகக் குவிந்து வந்திருக்கிறது.

தலைநிலத்து நகரம் ஒன்றில் குப்பை மேடு நிறைந்தால், அதிகாரிகள் ஊருக்கு வெளியே இன்னொரு ஏழைக் கிராமத்தைத் தேடிப் போவார்கள். அது அநீதி என்பது வேறு செய்தி. தீவில் அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. அந்தமான் நிக்கோபார் நிலப்பரப்பில் எண்பது விழுக்காட்டிற்கும் மேல் காடு. எஞ்சிய நிலத்தில் வீடும் வயலும் தோப்பும் அரசுக் கட்டடங்களும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, அதுவும் இரு பருவமழைகளிலும் பெய்கிறது. கலந்து கொட்டிய குப்பையின் மீது அந்த மழை இறங்கினால் கருநீர் கசிந்து ஓடையில் சேரும். தீவில் ஓடையிலிருந்து கடல் வெகுதொலைவில் இல்லை. சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து கப்பலில் வரும் அரிசியும் எண்ணெயும் பிஸ்கட்டும் தீர்ந்துபோகின்றன. அவை வந்த உறை தீவிலேயே தங்கிவிடுகிறது.

நம் வீட்டுக் குப்பையில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ சமையற்கழிவும் மட்கக்கூடிய பொருளுமே. மீன் செதிலும் காய்கறித் தோலும் சோற்றுப் பருக்கையும் தனியே இருந்தால் உரமாகும். பால் உறையும் பெட் பாட்டிலும் தனியே இருந்தால் பழைய பொருள் வாங்குவோருக்கு விலையுள்ள சரக்காகும். ஒரே வாளியில் இரண்டையும் போட்டால் உரமும் கிடைக்காது, சரக்கும் கிடைக்காது. கிடங்கில் மீத்தேன் உண்டாகித் தீப்பிடிக்கும். 2022 ஏப்ரலில் பெருங்குடியிலும் 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரத்திலும் நாள்கணக்கில் எரிந்தது இவ்வாறு கலந்து குவித்த குப்பைதான். இலங்கையின் மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியதில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலையடியில் குடியிருந்தவர்கள் கொழும்பின் ஏழைகள்.

குப்பையைப் பிரிப்பது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு, உழைக்கும் மக்களின் கோரிக்கைகளுக்கு நடுவே அதற்கு இடமில்லை என்று கருதும் தோழர்கள் உண்டு. நாம் அக்கருத்தை ஏற்கவில்லை. வீட்டில் பிரிக்காத குப்பையை யாரோ ஒருவர் பிரித்தே ஆகவேண்டும். உடைந்த கண்ணாடியையும் மாதவிடாய்த் துணியையும் ஊசியையும் அழுகிய மீனையும் வெறுங்கையால் கிளறுபவர் துப்புரவுத் தொழிலாளி. இந்நாட்டில் அவர் பெரும்பாலும் எந்தச் சாதியில் பிறந்தவர் என்பதை எழுதிக்காட்ட வேண்டியதில்லை. நாம் சமையலறையில் செய்ய மறுக்கும் அரை நிமிட வேலை அவர் கையில் காயமாக இறங்குகிறது.

சட்டத்தில் குறையில்லை. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் மட்கும் கழிவு, மட்காத கழிவு, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துத் தரும் பொறுப்பை வீட்டாருக்கும், பிரித்ததைப் பிரித்தபடியே எடுத்துச் செல்லும் பொறுப்பை உள்ளாட்சிக்கும் விதித்தன. மீண்டும் பயன்படாத, மறுசுழற்சிக்கும் உதவாத, மட்கவும் மட்காத எச்சம் மட்டுமே கிடங்கிற்குப் போகவேண்டும் என்பதும் அவற்றில் இருந்தது. நடைமுறையில் பல நகரங்களில் முதற்பாதிக்கு அபராதம் இருக்கிறது, பிற்பாதிக்குக் கேள்வி கேட்பார் இல்லை. பச்சை வாளியும் நீல வாளியும் வாசலில் தனித்தனியே நின்று, வண்டியில் ஏறியதும் ஒன்றாகிவிட்டால், மறுநாள் எந்த இல்லத்தரசி பிரிப்பார்?

இடதுசாரி இயக்கம் இதில் வெறுங்கையோடு நிற்கவில்லை. ஆலப்புழை நகரின் குப்பை சர்வோதயபுரத்தில் கொட்டப்பட்டு வந்தது. 2012இல் அவ்வூர் மக்கள் லாரிகளை மறித்தனர். நகரத் தெருக்களில் குப்பை நாறியது. அப்போது அங்குச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த தோழர் தாமஸ் ஐசக் முன்னின்ற இயக்கம் புதிய கிடங்கு தேடி அலையவில்லை. உருவாகும் இடத்திலேயே கழிவை முடிப்பது என்று தீர்மானித்தது. வீடுகளுக்குக் குழாய் உரக்கலனும் உயிரி எரிவாயுக் கலனும் மானியத்தில் தரப்பட்டன. இடமில்லாத வீட்டாருக்குத் தெருவோரங்களில் கூரையிட்ட காற்றோட்டத் தொட்டிகள் கட்டப்பட்டன. காய்ந்த இலை ஓர் அடுக்கு, கழிவு ஓர் அடுக்கு என மாறிமாறிப் போட்டால் ஏறக்குறைய மூன்று மாதத்தில் உரம். கட்சி ஊழியர்கள், பள்ளிப் பிள்ளைகள், குடும்பஸ்ரீ பெண்கள் வீடுவீடாக ஏறி இறங்கினர். 2017இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு எடுத்துக்காட்டிய ஐந்து நகரங்களுள் ஜப்பானின் ஒசாகா, மலேசியாவின் பினாங்கு ஆகியவற்றோடு ஆலப்புழையும் இருந்தது. இன்று கேரளமெங்கும் வீடுதோறும் சென்று உலர்கழிவைப் பெற்றுவரும் ஹரித கர்ம சேனை குடும்பஸ்ரீ பெண்களின் படை.

ஆலப்புழையும் கனமழை ஊர்தான். எனவே மழையைக் காரணம் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது. தொட்டிக்குக் கூரை வேண்டும், அவ்வளவே. அடுக்குக்குக் காய்ந்த தென்னையோலையும் மட்டையும் மரத்தூளும் அந்தமானில் பஞ்சமில்லை.

தீவுக்கென்று தனியாக ஒரு கோரிக்கையும் உண்டு. பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்ய அதைக் கடல் கடந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் அனுப்ப வேண்டியிருக்கிறது. கப்பல் கூலியைக் கழித்தால் பழைய பொருள் வியாபாரிக்கு மெல்லிய உறைகளில் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே அவற்றை வாங்கமாட்டார். சரக்கேற்றி வரும் கப்பல்களின் திரும்பும் பயணத்தில் உலர்கழிவுக்குக் கட்டணமில்லா இடம் ஒதுக்கவேண்டும். அச்செலவை உறையில் பண்டம் விற்று இலாபம் பார்க்கும் நிறுவனங்களிடமிருந்து பெறவேண்டும்; உற்பத்தியாளர் பொறுப்பு என்பது விதிகளில் ஏற்கெனவே உள்ளது. கிரேட் நிக்கோபாரில் 72,000 கோடி ரூபாய்த் திட்டம் என்று அறிவித்து, சில ஆயிரம் பேர் வாழும் தீவில் மூன்றரை இலட்சம் பேர் குடியேறுவர் எனக் கணக்கிடும் ஒன்றிய அரசு, இன்று இங்கு வாழும் மக்களின் பால் உறையை ஏற்றக் கப்பலில் இடமில்லை என்று சொல்ல முடியாது.

கூலிக் கேள்வியைத் தனியே பிரித்துவைக்கவும் இயலாது. தினக்கூலி மஸ்தூர்களின் ஊதியத்தைக் கொடுக்கச் சொன்ன தீர்ப்பு நிறைவேறாததால், 2023 ஆகஸ்டில் கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் அமர்வு தலைமைச் செயலாளரையே இடைநீக்கம் செய்ய உத்தரவிட்டது. உச்சநீதிமன்றம் உடனே அதை நிறுத்திவைத்தது. சட்டமன்றமே இல்லாத ஒன்றியப் பகுதியில் அதிகாரிகளின் மனநிலை இது. சென்னையில் 2025 ஆகஸ்டில் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் அமர்ந்த தூய்மைப் பணியாளர்களை நள்ளிரவில் அப்புறப்படுத்தியதையும் பார்த்தோம். பிரித்தெடுக்கும் பணி கூடுதல் பணி. அதற்கு நிரந்தர ஆட்களும் கையுறையும் காலணியும் இரு அறை கொண்ட வண்டியும் வேண்டும்.

டெலானிபூர்த் தோழர்கள் தங்கள் வீட்டிலிருந்து தொடங்கலாம். வரும் கிளைக் கூட்டத்தில் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் பிரிப்பதை உறுதி செய்துகொண்டு, பக்கத்து வீடுகளையும் சேர்த்துத் தெருவுக்கு ஒரு பட்டியல் எழுதவேண்டும். பிரித்துக் கொடுத்தது எந்தெந்த நாளில் வண்டியில் கலக்கப்பட்டது என்பதையும் தேதியிட்டுக் குறிக்கவேண்டும். தொழிலாளியைக் குறை கூறுவதற்கான குறிப்பு அல்ல அது. எத்தனை வண்டி, எத்தனை ஆள் குறைவு என்பதை அவர்களிடமே கேட்டு அதில் எழுதுங்கள். ஒரு மாதக் குறிப்பு சேர்ந்ததும், தெருப் பெண்களும் துப்புரவுத் தொழிலாளர்களும் ஒன்றாகச் சென்று அதை நகர்மன்றத்தில் கொடுக்கட்டும்.