‘நம்பகமான’ இணைய மதிப்பீடுகளும் தீவகம் பேசாத நோயும்

யாழ்ப்பாணத்தில் ஒரு விடுதி சுற்றிவளைக்கப்பட்டால் செய்தி சுடச்சுட வந்துவிடும். எத்தனை பெண்கள், எந்த ஊர், எத்தனை வயது என்று எல்லாம் இருக்கும். மேலே ‘கலாசாரச் சீரழிவு’ என்ற தேய்ந்த தலைப்பு. அங்கே போன ஆண்களைப் பற்றி அநேகமாக ஒரு வரியும் இருக்காது.

இன்று அந்தத் தொழிலின் பெரும்பகுதி கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. ‘எஸ்கோர்ட்’ சேவை என்ற பெயரில் விளம்பரத் தளங்கள், டெலிகிராம் குழுக்கள், வாட்ஸ்அப் இலக்கங்கள். படத்துக்குக் கீழே நட்சத்திரங்கள், ‘சுத்தமானவர்’, ‘நம்பிப் போகலாம்’ என்ற குறிப்புகள். சுருவிலில் இருக்கும் ஒருவருக்கும் கொழும்பில் வேலை செய்யும் ஒருவருக்கும் விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கும் ஒருவருக்கும் ஒரே பக்கம்தான் திறக்கிறது.

அந்தக் குறிப்புகளை எழுதுவது யார்? விளம்பரம் போட்டவரே எழுதலாம். ஒரே வசனம் நான்கு இலக்கங்களுக்குக் கீழே இருப்பதும், எங்கோ இருக்கும் ஒரு பெண்ணின் முகநூல் படம் திருடப்பட்டு ஒட்டப்படுவதும் இந்த உலகில் சாதாரணம். முற்பணம் கேட்பார்கள், பணம் போனதும் இலக்கம் இயங்காது. சில இடங்களில் காணொளி அழைப்பைப் பதிவு செய்து மிரட்டிப் பணம் பறிப்பார்கள். ஏமாந்தவர் பொலிஸுக்குப் போகமாட்டார் என்ற கணக்கில்தான் அந்த வியாபாரம் நடக்கிறது.

சரி, எழுதியவர் உண்மையாகவே போய்வந்தவர், நேர்மையானவர் என்றே வைத்துக்கொள்வோம். அவர் எழுதுவது மறுநாள். கிருமி தன்னைக் காட்டுவது நாட்கள், வாரங்கள் கழித்து. சிலவேளை காட்டுவதே இல்லை. சிபிலிஸில் முதலில் வரும் புண் வலிக்காது, சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும், நோய் உள்ளே இருக்கும். கொனோரியாவும் கிளமிடியாவும் பெண்களில் அறிகுறியே இல்லாமல் இருந்து பிறகு கருத்தரிப்பதையே பாதிக்கலாம். எச்.ஐ.வி தொற்றியவர் பல வருடங்கள் நல்ல சுகத்தோடு இருப்பார். ‘சுத்தமானவர்’ என்று எழுதியவர் பார்த்தது அறையையும் உடுப்பையும்தான். அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் காட்டினாலும் அதற்குச் சற்று முன் வந்த தொற்று அதில் தெரியாமல் போகலாம். எச்.ஐ.விக்கு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வது அதனால்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. நட்சத்திரம் கொடுப்பவர் வாடிக்கையாளர். ஆணுறை வேண்டும் என்று உறுதியாக நிற்கும் பெண்ணுக்கு நட்சத்திரம் குறையும், விட்டுக்கொடுப்பவருக்குக் கூடும். கணவனைப் போரில் இழந்து, கடனோடு, பிள்ளைகளோடு நிற்கும் ஒருத்திக்கு அந்த ஒரு நட்சத்திரம் அடுத்த வாரச் சாப்பாடு. அவரிடம் அறிக்கை கேட்கும் ஆண் தன்னுடையதைக் காட்டுவதில்லை. சட்டமும் அவருக்குத் துணையில்லை. வெள்ளைக்காரன் 1841 இல் கொண்டுவந்த நாடோடிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் இன்றும் பெண்கள் பிடிக்கப்படுகிறார்கள். கைப்பையில் ஆணுறை இருந்ததையே பொலிஸார் சான்றாக்கியதை உரிமை அமைப்புகள் நீண்டகாலமாகச் சுட்டிக்காட்டி வந்திருக்கின்றன. உயிரைக் காக்கும் பொருளைக் கொண்டு திரியப் பயப்பட வைத்துவிட்டு நோய் பரவுகிறது என்று கவலைப்படுவது விசித்திரம்தான்.

இலங்கையில் 2022 இல் புதிதாக 607 பேருக்கு எச்.ஐ.வி தொற்று அறியப்பட்டது. அதில் பெரும்பாலானோர் ஆண்கள். ஆனால் 2019 டிசம்பரில், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வியும் சிபிலிஸும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. கர்ப்பிணித் தாய்மாரை கிளினிக்கில் பரிசோதிப்பதும் குடும்பநல உத்தியோகத்தர்கள் வீடுவீடாகப் போவதும்தான் அதைச் சாத்தியமாக்கின. அதாவது, வேலணையிலோ சுருவிலிலோ பிள்ளை பெற்ற ஒரு மனைவி இந்தப் பரிசோதனையைச் செய்திருப்பார். கணவர் வாழ்நாளில் ஒரு தடவையும் செய்யாமல் இருக்கக்கூடும். அவர் கொண்டுவரும் நோய்க்கு மருந்து எடுக்கப்போவதும், ஊர் வாயில் விழப்போவதும் அந்த மனைவி.

தீவகத்தில் ஆளையாள் தெரியும். ஆஸ்பத்திரி வாங்கில் பக்கத்தில் இருப்பது சித்தப்பாவின் மருமகளாக இருக்கும். ஊருக்குள் கேட்க முடியாததை மனிதர் முகம் தெரியாதவரின் குறிப்பில் தேடுவது இதனால்தான். கண்டிப்பதைவிட இதைப் புரிந்துகொள்வது பயன் தரும்.

யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியா, மன்னார் உட்பட நாடு முழுவதும் அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்கள் இருக்கின்றன. வைத்தியரின் கடிதம் தேவையில்லை, காசு இல்லை, விபரம் இரகசியமாக வைக்கப்படும். ஆணுறையும் அங்கே இலவசம். எச்.ஐ.வி இருப்பதாகத் தெரிந்தால் மருந்தும் இலவசம். ஒழுங்காக எடுத்து இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவால் மற்றவருக்குத் தொற்றாது. ஆணுறை கிழிந்தோ இல்லாமலோ ஆபத்து நேர்ந்திருந்தால், தேவையென வைத்தியர் கண்டால் கொடுக்கும் தடுப்பு மருந்தை 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்கவேண்டும். சனிக்கிழமை இரவு நடந்ததற்கு திங்கட்கிழமை காலை பண்ணைப் பாலம் தாண்டினாலும் நேரம் இருக்கிறது. புதன்கிழமை போனால் அந்த மருந்துக்கான நேரம் முடிந்திருக்கும்.